எதிரொலியின் வரலாறு – 19: திசை பிசகிய சிக்னல்

மாசச்சூசெட்ஸ் மாநிலம் லெக்சிங்டனில் இருக்கிறது லிங்கன் ஆய்வகம். அங்கே பணியாற்றிய எட்வர்ட் கெல்லி 1986 மார்ச்சில் 13 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சூழலுக்கேற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் தகவமை ரேடார் பற்றி இன்றுவரை எழுதப்படும் கண்டறிதல் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்தப் 13 பக்கங்களுக்குக் கடன்பட்டவை. அதில் கெல்லி ஒரு பெரிய அறியாமையைத் தீர்த்துவைத்தார். இன்னோர் அறியாமையைத் தொடாமல் விட்டார். விட்ட அந்த ஒன்றுதான் அடுத்த 20 ஆண்டுகளை ஆட்டிவைத்தது. இந்தப் பகுதி அதைப் பற்றியது.

சென்ற பகுதியை எங்கே நிறுத்தினோம் என்று பார்த்துக்கொள்வோம். விமானத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் ரேடாருக்குத் தரையே முதல் எதிரி. மலை, வயல், கட்டடம் எல்லாம் திருப்பியனுப்பும் எதிரொலி, அதாவது கிளட்டர், தேடப்படும் விமானத்தின் எதிரொலியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது. விமானம் தானே பறந்துகொண்டிருப்பதால் அசையாத தரையும் ரேடாரின் கண்ணுக்கு ஓடுகிறது. ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஒவ்வொரு டாப்ளர் வேகத்தோடு வருகிறது. ஆன்டெனாவின் பல அலகுகளையும் அடுத்தடுத்த பல துடிப்புகளையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டால் இந்தச் சிக்கலை அவிழ்க்கலாம் என்று லாரன்ஸ் ப்ரென்னனும் இர்விங் ரீடும் 1973-ல் காட்டினார்கள். 16 அலகுகள், 16 துடிப்புகள் என்றால் ஒவ்வொரு தொலைவுக் கட்டத்திலிருந்தும் 256 எண்கள் கிடைக்கும். கிளட்டரும், ரேடாரைக் குழப்ப எதிரி அலை வீசும் ஜாமரும், இரைச்சலும் அந்த 256 எண்களை எப்படிச் சேர்த்து ஆட்டுகின்றன என்பதைச் சொல்லும் பெரிய அட்டவணைக்குக் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர். அதை முன்கூட்டி அறிய வழியில்லை; அக்கம்பக்கத்துத் தொலைவுக் கட்டங்களிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை கட்டங்கள் தேவை? மாலெட் என்பவரையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் 1974-ல் விடை சொன்னார்கள்: எண்களின் எண்ணிக்கையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்டங்கள் இருந்தால், சராசரி இழப்பு பாதித் திறனுக்குள், 3 டெசிபலுக்குள், நிற்கும். 256-க்கு 512 கட்டங்கள். 1 மைக்ரோவிநாடித் துடிப்பில் ஒரு கட்டம் 150 மீட்டர். எனவே 77 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் ஒரே தன்மையாக இருந்தாக வேண்டும். இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்பது வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும்.

ஆனால் 1974-ன் விடை, அந்த மேட்ரிக்ஸைக் கொண்டு கிளட்டரை நீக்கும் வடிகட்டியைப் பற்றியது. வடிகட்டியிலிருந்து வரும் எண் எவ்வளவுக்கு மேல் போனால் "இலக்கு உண்டு" என்று அறிவிக்கலாம் என்பதற்கு அதில் விடை இல்லை. ரேடாரில் வரம்பு வைப்பது சாதாரண வேலையல்ல. ஒரு ரேடார் விநாடிக்குப் பல்லாயிரம் கட்டங்களைச் சோதிக்கிறது. பொய் எச்சரிக்கை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் கட்டுப்படாவிட்டால் திரை முழுவதும் இல்லாத விமானங்கள் பறக்கும். நேமனும் பியர்சனும் 1933-ல் வகுத்த நெறி அதுதான்: முதலில் பொய் எச்சரிக்கைக்கு எல்லை கட்டு, அதற்குள் நின்று கண்டறியும் வாய்ப்பை உச்சத்துக்குக் கொண்டுபோ. மேட்ரிக்ஸே தெரியாதபோது அந்த எல்லையை எப்படிக் கட்டுவது?

கெல்லி செய்தது துணிச்சலான காரியம். சோதிக்கும் கட்டத்தையும் கற்பிக்கும் கட்டங்களையும் தனித்தனியாக வைக்காமல் ஒரே தரவாகக் கொண்டார். "இலக்கு இல்லை" என்ற கருதுகோளின் கீழும் "இலக்கு உண்டு" என்ற கருதுகோளின் கீழும், தெரியாதவை எல்லாவற்றுக்கும் தரவோடு மிகவும் பொருந்தும் மதிப்புகளைக் கொடுத்து, இரண்டின் நிகழ்தகவு விகிதத்தை எடுத்தார். நீண்ட இயற்கணிதத்துக்குப் பின் வந்த சூத்திரம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. அதைவிட வியப்பானது அதன் குணம்: பொய் எச்சரிக்கையின் வாய்ப்பு இரண்டே எண்ணிக்கைகளைச் சார்ந்திருந்தது, தரவின் பரிமாணமும் கற்பிக்கும் கட்டங்களின் தொகையும். கிளட்டர் எவ்வளவு வலுவானது, ஜாமர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. பாலைவனத்துக்கும் கடலுக்கும் நகரத்துக்கும் ஒரே வரம்பு போதும்.

அந்தச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் ஓர் உறுப்பு இருக்கிறது: வந்த தரவு, இரைச்சலின் வழக்கமான பரவலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற அளவு. புள்ளியியல் படித்தவர்களுக்கு அது பழகிய முகம். கொல்கத்தாவில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1936-ல் வெளியிட்ட தொலைவு அளவுதான் அது. மனிதக் குழுக்களின் உடல் அளவுகளை ஒப்பிடப் பிறந்த அளவு, அரை நூற்றாண்டு கழித்து விமானத்தைத் தேடும் சூத்திரத்தின் நடுவில் வந்து அமர்ந்தது.

இனி, கெல்லி தொடாமல் விட்டது. இரைச்சல் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அவர், இலக்கின் சிக்னல் மட்டும் வடிவம் பிசகாமல் தெரியும் என்று கொண்டார். குறிப்பிட்ட கோணத்திலிருந்து குறிப்பிட்ட வேகத்தில் வரும் இலக்கு அந்த 256 எண்களில் எந்த வடிவத்தைப் பதிக்கும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஸ்டியரிங் வெக்டர் என்று பெயர். 256 பரிமாணங்கள் கொண்ட வெளியில் அது ஓர் அம்பு. தெரியாமல் இருந்தது அந்த அம்பின் நீளமும் அலையின் ஃபேஸும் மட்டுமே. அதன் திசை உறுதி.

உண்மையில் அந்தத் திசை ஒருபோதும் உறுதியாக இருப்பதில்லை. ஆன்டெனா அலகுகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. வெயிலிலும் குளிரிலும் அவற்றின் மின்சுற்றுகள் சற்றே பிசகுகின்றன. இறக்கையிலும் உடற்பகுதியிலும் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு கலக்கிறது. தாழப் பறக்கும் இலக்கின் எதிரொலி கடல்பரப்பில் பட்டு இன்னொரு பாதையிலும் வந்து சேர்கிறது. இவை எதுவும் இல்லாவிட்டாலும், ரேடார் பார்க்கும் திசைகள் இடைவெளி விட்டவை. இலக்கு இரண்டு திசைகளுக்கு நடுவே நிற்கலாம். அரை அலைநீள இடைவெளியில் வைத்த 16 அலகு ஆன்டெனாவின் கற்றை 6 டிகிரிக்குச் சற்று மேல் அகலம் கொண்டது. இலக்கு கற்றையின் நடுவிலிருந்து 3 டிகிரிக்குச் சற்றே மேல் தள்ளி, பாதித் திறன் விளிம்பில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வானத்தில் அது சிறிய பிசகு. ஆனால் திறன் பாதியாகிறது என்றால், எதிர்பார்த்த அம்புக்கும் வந்த அம்புக்கும் இடையே கோசைனின் வர்க்கம் பாதி என்று பொருள். அதாவது அந்தப் பெரிய வெளியில் இரண்டுக்கும் இடையே 45 டிகிரி. இந்த ஒரு கணக்கை நின்று யோசித்தால் சிக்கலின் ஆழம் புரியும். வானத்தில் சிறிய பிசகு, ரேடாரின் கணிதத்தில் செங்கோணத்தின் பாதி.

அப்படியானால் கொஞ்சம் பிசகிய சிக்னலையும் ஏற்றுக்கொண்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மறுபக்கம் எழுகிறது. ஆன்டெனாவுக்கு முதன்மைக் கற்றையைத் தவிரப் பக்கக் கற்றைகளும் உண்டு. சீராக எடையிட்ட ஆன்டெனாவில் முதல் பக்கக் கற்றை முதன்மைக் கற்றையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு திறனை வாங்குகிறது. தொடர்ந்து அலறும் ஜாமர் கற்பிக்கும் கட்டங்களிலும் இருக்கும். தகவமைக் கணக்கு அதைத் தானே கற்று அந்தத் திசையைக் குருடாக்கிவிடும். ஆனால் பக்கக் கற்றை வழியே விட்டுவிட்டு வரும் துடிப்பு, சோதிக்கும் ஒரே கட்டத்தில் மட்டும் விழுமானால், கற்பிக்கும் கட்டங்களில் அதன் சுவடே இராது. இலக்கைப்போலவே தோன்றும்படி எதிரி திருப்பியனுப்பும் போலித் துடிப்பு அப்படி வரலாம். வேறு திசையில் நிற்கும் பெரிய விமானமும் அப்படி வரலாம். அதுவும் திசை பிசகிய சிக்னல்தான். அதை ஏற்றால், இலக்கே இல்லாத திசையில் இலக்கு இருப்பதாகத் திரை காட்டும்.

எனவே ஒரே கோணத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று நம் கருவியின் குறை. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று வேறொருவரின் சிக்னல். அதைத் தள்ள வேண்டும். அளந்து கிடைப்பதோ கோணம் மட்டும். அதன் காரணத்தை 256 எண்கள் சொல்வதில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். இதற்கு முன் வந்த சிக்கல்கள் எல்லாம் கூடுதல் தரவாலோ கூடுதல் கணக்காலோ தீர்ந்தன. இது அப்படித் தீராது. எதைப் பொறுப்பது, எதைத் தள்ளுவது என்று முன்னரே ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

கெல்லி இதை எதிர்கொண்டார். 1989-ல் வந்த அவரது அடுத்த கட்டுரை, தன் சூத்திரம் வேண்டாத சிக்னல்களை எப்படி நடத்துகிறது என்பதையே தலைப்பில் வைத்தது. சிக்னல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் திசை மிகவும் பிசகினால் சூத்திரம் ஏற்க மறுக்கிறது என்று காட்டினார். காரணம் கீழ்ப்பகுதியில் இருக்கும் அந்த மகலனோபிஸ் உறுப்பு. வலுவான சிக்னல் மேற்பகுதியை உயர்த்தினால் கீழ்ப்பகுதியையும் கூடவே உயர்த்துகிறது. எதிர்பார்த்த திசைக்கு வெளியே விழும் வலு கீழ்ப்பகுதிக்கு மட்டும் போய்ச் சேர்கிறது.

அந்த உறுப்பை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? ராபி, ஃபூர்மன், கெல்லி, நிட்ஸ்பெர்க் நால்வரும் 1992-ல் எழுதிய தகவமைப் பொருத்த வடிகட்டி அப்படிப்பட்டது. செனும் ரீடும் அதே சூத்திரத்தை 1991-லேயே எழுதியிருந்தார்கள். மேட்ரிக்ஸ் தெரியும் என்று கொண்டு சோதனையை வகுத்து, பிறகு கற்ற மேட்ரிக்ஸை அந்த இடத்தில் வைப்பதுதான் அதன் வழி. கணக்கு எளிது, ரேடார் கணினிக்குச் சுமை குறைவு. எதிர்பார்த்த திசையில் விழும் நிழலின் நீளத்தை மட்டும் அது அளக்கிறது. அதனால் திசை பிசகிய இலக்கைத் தாராளமாக ஏற்கும். பக்கக் கற்றையில் வரும் வலுவான துடிப்பையும் அதே தாராளத்தோடு ஏற்கும்.

மறுகோடியில் நின்றது, நேபிள்ஸில் கோன்டே, லாப்ஸ், ரிச்சி ஆகியோர் 1995-ல் கொடுத்ததும், அமெரிக்காவில் ஷார்ஃபும் அவரது மாணவர்களும் வேறு வழியில் வந்து சேர்ந்ததுமான சூத்திரம். ஏஸ் என்ற சுருக்கப்பெயரால் அது அறியப்படுகிறது. நீளத்தை அது பார்ப்பதேயில்லை. கோணத்தை மட்டும் அளக்கிறது. எதிர்பார்த்த அம்பைச் சுற்றி ஒரு கூம்பு வரைந்து, உள்ளே விழுந்தால் இலக்கு, வெளியே விழுந்தால் இல்லை என்கிறது. போலித் துடிப்பை அது நன்றாகத் தள்ளும். ஆன்டெனா சற்றுப் பிசகியிருந்தால் உண்மை இலக்கையும் தள்ளிவிடும்.

கால்சன் 1992-ல் பொருத்த வடிகட்டிக்கும் கெல்லியின் சூத்திரத்துக்கும் நடுவே ஒரு திருகு வைத்தார். கெல்லியின் சூத்திரத்தில் அந்தக் கீழ்ப்பகுதி உறுப்புக்கு முன்னால் 0 முதல் 1 வரையிலான ஓர் எண். 0 என்றால் பொருத்த வடிகட்டி, 1 என்றால் கெல்லி. பிறகு லிங்கன் ஆய்வகத்தார் இரண்டு சோதனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள்: முதலில் பொருத்த வடிகட்டி, அதைத் தாண்டியவை ஏஸுக்கு. கிறைஸ்ட் ரிச்மண்ட் 2000-ல் அதன் செயல்திறனை முழுமையாகக் கணக்கிட்டு வெளியிட்டார்.

இத்தனை சூத்திரங்கள் பெருகியபோது, இவற்றுக்குள் என்ன உறவு என்ற கேள்விக்கு போஸும் ஸ்டைன்ஹார்ட்டும் 1995-ல் அழகான விடை தந்தார்கள். பரிமாணம் 256 ஆனாலும், கிளட்டரின் வலுவையோ வடிவத்தையோ நம்பியிராத எந்தச் சோதனையும் கடைசியில் இரண்டே எண்களைத்தான் பார்க்க முடியும். தோராயமாகச் சொன்னால், எதிர்பார்த்த திசையில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அதற்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்பது மற்றொன்று. கெல்லி, பொருத்த வடிகட்டி, ஏஸ் எல்லாமே அந்த இரண்டு எண்களின் தளத்தில் வரைந்த வெவ்வேறு எல்லைக்கோடுகள். யாரும் மறைந்திருந்த மூன்றாவது தகவலைக் கண்டுபிடித்துவிடவில்லை. கோட்டை எப்படி வளைப்பது என்பதில்தான் எல்லோரும் வேறுபட்டார்கள்.

இந்தக் கோடுகளுக்கு இன்னும் பழைய வேர் உண்டு என்று காட்டியவர் நேபிள்ஸ் பல்கலைக்கழகத்தின் அன்டோனியோ டி மாயோ. பொருத்த வடிகட்டி, ஆபிரகாம் வால்ட் 1943-ல் முன்வைத்த சோதனையேதான் என்று 2004-ல் நிறுவினார். சி.ஆர். ராவ் 1948-ல் வகுத்த சோதனையை டி மாயோ 2007-ல் ரேடாருக்குக் கொண்டுவந்தார். கெல்லியின் சூத்திரம் நேமன்–பியர்சன் வழியில் வந்தது. புள்ளியியல் பாடநூல்கள் ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் மூன்று சோதனைகளும் இப்படி ஒரே ரேடாருக்குள் வந்து சேர்ந்தன. தரவு மிகுந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும் என்பது பாடம். ரேடாரிலோ தரவு எப்போதும் போதாது. அங்கே மூன்றும் மூன்று குணம் காட்டின. வால்டின் சோதனை பொறுத்துக்கொள்கிறது, கெல்லியுடையது நடுவில் நிற்கிறது, ராவின் சோதனை பிசகிய சிக்னலைக் கடுமையாகத் தள்ளுகிறது. அந்தக் கடுமைக்கு விலையும் உண்டு: கற்பிக்கும் கட்டங்கள் குறைவாக இருந்தால் சரியான இலக்கையே கொஞ்சம் தவறவிடுகிறது.

வால்டையும் ராவையும் பற்றிச் சில வரிகள் எழுதாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. வால்ட் 1902-ல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியின் கோலொஸ்வாரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று ருமேனியாவில் க்ளூஜ். வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்று, நாஜிகள் நுழைந்த 1938-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். போர்க்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்தபடி, தரவு வரவர முடிவெடுக்கும் தொடர் சோதனை முறையை உருவாக்கினார். 1950-ல் இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணமாக மனைவியோடு வந்தார். டிசம்பர் 13 அன்று அவர்கள் பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. இருவரும் மாண்டார்கள். வால்டுக்கு வயது 48. இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் மிகப் பெரிய மூளைகளுள் ஒன்று நம் மலையில் அணைந்தது என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி, பேசப்பட வேண்டும்.

ராவ் 1920-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஹடகலியில் பிறந்தார். அவரது சோதனை பிறந்த காலத்தில் கேம்பிரிட்ஜில் இருந்தார். சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புக்கூடுகளின் அளவுகளை, மகலனோபிஸின் தொலைவைக் கொண்டு ஆராய்வது அங்கே அவருக்கு வாய்த்த வேலை. கூடவே ரொனால்ட் ஃபிஷரிடம் முனைவர் பட்ட ஆய்வு. தெரியாத மதிப்புகள் பல இருக்கும்போது, அவை அனைத்தையும் கண்டுபிடித்த பின்தான் சோதிக்க வேண்டுமா என்று கேட்டு, "எதுவும் இல்லை" என்ற கருதுகோளில் நின்றபடியே சோதிக்கும் வழியை அவர் கண்டார். 2023 ஆகஸ்டில், 102 வயதில் மறைந்தார். தன் 1948-ஆம் ஆண்டுச் சோதனை ரேடாரில் புகுந்தபோது அவருக்கு வயது 86.

தள்ளுவதில் இன்னும் துணிந்து போனவர்கள் லிங்கன் ஆய்வகத்தின் பல்சோனும் ரேடரும். "இலக்கு இல்லை" என்ற கருதுகோள் அதுவரை "இரைச்சல் மட்டுமே உண்டு" என்றே பொருள்பட்டது. 2001-ல் அவர்கள் அதையே மாற்றினார்கள்: இலக்கு இல்லாதபோதும், எதிர்பார்த்த திசைக்குச் செங்குத்தான திசையில் ஏதோ ஒரு வேண்டாத சிக்னல் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள். இப்போது திசை பிசகிய துடிப்பு வந்தால் அதற்குப் போய்ச் சேர ஓர் இடம் உண்டு. இலக்கின் கணக்கில் அது விழ வேண்டியதில்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனையால் தவறான அறிவிப்பைக் குறைப்பது எனக்கு இந்தத் துறையின் மிகக் கூரிய யோசனையாகத் தெரிகிறது. பந்தியேரா, பெஸ்ஸோன், ரிச்சி ஆகியோர் அந்தச் செங்கோணத்தை எந்த அளவுகோலில் அளப்பது என்பதை 2008-ல் மாற்றியமைத்து, தள்ளும் திறனை மேலும் கூட்டினார்கள். எதிர்த்திசையில், பொறுத்துக்கொள்வதற்காக, டி மாயோ 2005-ல் இலக்கின் சிக்னல் ஓர் அம்பு அல்ல, அந்த அம்பைச் சுற்றிய கூம்புக்குள் எங்கேயும் இருக்கலாம் என்று கொண்டு சோதனையை வகுத்தார்.

நடைமுறையில் இந்தத் தேர்வு ரேடார் செய்யும் வேலையோடு மாறுகிறது. வானத்தை முதன்முறை துழாவும்போது இலக்கு கற்றைக்குள் எங்கே நிற்கும் என்று தெரியாது. அப்போது பொறுத்துக்கொள்ளும் சோதனை வேண்டும், இல்லாவிட்டால் கற்றையின் ஓரத்தில் நிற்கும் விமானம் தப்பிவிடும். ஒரு விமானத்தைப் பிடித்துப் பின்தொடரும்போது அதன் திசை ஏற்கெனவே துல்லியமாகத் தெரியும். அப்போது கடுமையான சோதனை வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து வரும் போலித் துடிப்பு தடத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். திருகு உள்ள சூத்திரங்களும் இரட்டைச் சோதனைகளும் இங்கேதான் பயன்படுகின்றன: கற்ற மேட்ரிக்ஸை மாற்றாமல், திருகையும் வரம்புகளையும் மட்டும் மாற்றி, ஒரே ரேடார் இரண்டு வேலைகளையும் செய்யலாம்.

இதுவரை சொன்ன சூத்திரங்களில் பெரும்பாலானவை இன்னொரு அனுமானத்தை அமைதியாகச் சுமக்கின்றன: இரைச்சல் காஸின் மணி வளைவுக்கு அடங்கியது என்று. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஐபிக்ஸ் ரேடாரை 1993 நவம்பரில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், டார்ட்மவுத் அருகே கடலை நோக்கி நிறுத்திப் பதிவு செய்தார்கள். அலை முகட்டிலிருந்து திடீர் திடீரென்று எழுந்த கூர்மையான எதிரொலிகள் அந்த வளைவுக்கு அடங்கவில்லை. அடுத்த பகுதியில் அந்தக் கடலுக்குப் போவோம்.

(தொடரும்)